அப்பா அம்மாவோடு ஆர்.வி.யில் ராக்கி மலைக்குப் போகலாமா?

தம்பி, அம்மாப்பேட்டையிலிருந்து கனடாவின் கல்கரிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, ஜூலையில் வரும் அப்பா அம்மாவை ஆர்.வி. (கட்டில், அடுப்பு, கழிவறையெல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து ராக்கி மலையிலுள்ள பான்ஃப், ஜாஸ்பர் ஊர்களுக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். நான் இப்போது லீவில் ஏற்காட்டில் அக்கா வீட்டில் இருக்கிறேன். நேற்று 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வரும்போது உங்கள் கேள்விதான் மனதில் ஓடியது.

இந்த மலையில் பஸ் ஓட்டியவர் என் மாமா. "எந்த கியர்ல ஏறினியோ, அந்த கியர்லயே இறங்கு" என்பார். அங்கேயும் அதே கதைதான். 25 அடி வண்டி, தண்ணீரும் சாமானும் ஏற்றினால் ஐந்து டன்னை எட்டும். பான்ஃபைத் தாண்டி வரும் லேக் லூயிஸ் ஊரிலிருந்து ஜாஸ்பர் வரை 232 கிலோமீட்டர் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்ற மலைச்சாலை. நடுவில் பாவ் கணவாய் 2,000 மீட்டருக்கு மேல், ஏற்காட்டைவிட உயரம். கொண்டை ஊசிகள் வரிசையாக வராது. நீண்ட இறக்கம் வரும். பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். ஆட்டோமேட்டிக்கிலும் கியரைக் குறைக்கலாம். வாடகை வண்டியை எடுக்கும்போதே கேட்டு, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பெட்ரோலை லேக் லூயிஸிலேயே நிரப்பிவிடுங்கள். வழியில் பெரும்பாலும் செல்போன் சிக்னலும் இருக்காது.

ஓடும்போது அப்பா கட்டிலில் படுக்கக் கூடாது. ஆளுக்கொரு பெல்ட் போட்ட சீட் வேண்டும், முன்பதிவிலேயே பாருங்கள்.

கழிவுத் தொட்டிக்கு யாரும் பயப்பட வேண்டாம். கையுறை போட்டு, குழாயை இறுக்கமாக மாட்டி, கழிவறைத் தொட்டியை முதலில் திறங்கள். அது காலியான பிறகு பாத்திரம் கழுவிய தண்ணீர்த் தொட்டி. அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயை அலசிவிடும். வரிசை மாறினால் நாற்றம் போகாது.

அம்மா தோசை சுடட்டும், கேஸ் அடுப்பு இருக்கிறது. ஆனால் சாப்பிட்டதும் பாத்திரம், எண்ணெய் பாட்டில், குப்பை எல்லாம் வண்டிக்குள் போக வேண்டும். வாசனைக்குக் கரடி வரும். ஒருமுறை மனிதச் சோற்றுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டி வந்துவிடுகிறது. இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம், தம்பி.

பான்ஃபில் டனல் மவுண்டன் முகாமில் வண்டியை நிறுத்தி இரண்டு ராத்திரி தங்குங்கள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் சுற்றலாம். மொரேன் ஏரிக்கு 2023 முதல் சொந்த வண்டி விடுவதில்லை, ஷட்டில் பஸ்தான். முகாம் இடங்களைப் பல மாதம் முன்பே பிடித்துவிடுவார்கள், இன்றே பாருங்கள்.

ஸ்வெட்டர் மறக்காதீர்கள், ஜூலையிலும் ராத்திரி குளிரும். பார்க்வே வழியிலுள்ள பாவ் ஏரிக்கரையில் காலையிலேயே அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டுக் கொடுங்கள். தண்ணீர் ஏன் இப்படி மயில்கழுத்து நிறத்தில் இருக்கிறது என்று அங்கே போனபோது என் அம்மா கேட்டார். பனியாறு பாறையை மாவாக அரைத்துக் கொண்டுவந்து கலக்கிறது என்றேன். ஒரு கை அள்ளி, வெகுநேரம் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.