படுக்கையறை ஆர்க்கிட்டுக்கு கரியமில வாயு சிலிண்டர் தேவையா?

கேள்வி: தாம்பரத்தில் அடுக்குமாடி வீடு. படுக்கையறை ஜன்னலோரம் 26 ஆர்க்கிட் தொட்டிகள் வைத்திருக்கிறேன். நான்கு ஆன்சிடியம், மற்றதெல்லாம் ஃபேலனாப்சிஸ். இலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்கியபோது பூத்ததோடு சரி, இரண்டு வருடமாகப் பூ இல்லை. கரியமில வாயு கொடுத்தால் பூக்கும் என்று செடி விற்றவரே சொல்கிறார். 5 கிலோ சிலிண்டர், டைமர், மீட்டர் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். இரவில் மட்டும் ஏசி போடுவோம். நாங்கள் இருவரும் ஆறு வயது மகளும் அந்த அறையில்தான் படுக்கிறோம். பூக்குமா? ஆபத்து உண்டா?

பதில்: பூக்காது. ஆபத்து உண்டு. மீதி 33,000 ரூபாயைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் உங்கள் மகள் விஷயம். 12-க்கு 10 அடி அறை, பத்தடி உயரம் என்றால் உள்ளே சுமார் 34 கன மீட்டர் காற்று. ரெகுலேட்டர் வாஷர் தேய்ந்தோ, டைமர் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டோ அந்த 5 கிலோவும் மூடிய அறையில் வெளியேறினால், அறைக் காற்றில் 8 சதவீதம் வரை கரியமில வாயு ஆகிவிடும். 4 சதவீதமே உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. இதற்கு வாசனை கிடையாது, சமையல் கேஸ் போல நாற்றம் காட்டிக் கொடுக்காது. காற்றைவிடக் கனமானது, தரையில்தான் முதலில் தேங்கும். நம் வீடுகளில் குழந்தைகள் பாய் விரித்துத் தரையில் படுப்பதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. ஆள் படுக்கும் அறையில் இந்தச் சிலிண்டர் கூடவே கூடாது.

இப்போது செடி விஷயம். கரியமில வாயு கொடுத்துச் செடி வளர்ப்பது பொய்யில்லை. நெதர்லாந்தில் ரோட்டர்டாம் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் மிஞ்சும் வாயுவைக் குழாய் வழியாகவே கண்ணாடிக்குடில்களுக்கு அனுப்புகிறார்கள். குளிருக்குப் பயந்து குடிலை மூடிவைத்தால், உள்ளே அடர்த்தியாக நிற்கும் செடிகள் இருக்கிற வாயுவை உறிஞ்சித் தீர்த்துவிடும். வெளிக்காற்றில் 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) இருக்கும்போது குடிலுக்குள் அதற்கும் கீழே இறங்கிவிடும். அந்தக் குறையைத் தீர்க்க வந்த ஏற்பாடு இது. 26 தொட்டிகளும் மூன்று மனிதர்களும் இருக்கும் அறையில் அந்தக் குறை எங்கிருந்து வரும்?

அதோடு, ஃபேலனாப்சிஸ் இரவில் மூச்சு வாங்கும் செடி. மற்ற செடிகள் பகலில் இலைத்துளையைத் திறக்கும், இது பெரும்பாலும் இரவில் திறக்கும். உள்ளே வந்த வாயுவை அமிலமாக மாற்றி இலையில் சேமித்து வைத்து, மறுநாள் வெளிச்சத்தில் துளையை மூடிக்கொண்டு உணவாக்கும். மரத்தில் ஒட்டி வாழ்வதால் தண்ணீரை மிச்சம் பிடிக்க இந்த வழி. தோட்டத்தில் ரணகள்ளி இருந்தால் விடிகாலையில் ஒரு இலை நுனியைக் கடித்துப் பார்த்துத் துப்புங்கள், புளிக்கும். சாயங்காலம் அதே செடியில் புளிப்பு இருக்காது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே ரணகள்ளியை மென்று பார்த்து லண்டனுக்குக் கடிதம் எழுதினார். தரங்கம்பாடியிலும் சென்னையிலும் வாழ்ந்தவர் அவர். உங்கள் ஃபேலனாப்சிஸின் தடித்த இலைக்குள் நடப்பதும் அதுதான்.

விற்பவர்கள் டைமரை எப்போதுக்கு வைக்கிறார்கள் தெரியுமா? காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, விளக்கு எரியும் நேரத்துக்கு. செடி வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரத்துக்கு! சரி, இரவுக்கு மாற்றி வைத்தால்? உங்கள் அறையில் 600 பிபிஎம் கூட்ட ஏறக்குறைய 37 கிராம் வாயு போதும். தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்குச் சுமார் 20 கிராம் வெளிவிடுகிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள், நீங்கள் இருவரும் ஒரு மணி நேரத்தில் அதைக் கொடுத்துவிடுகிறீர்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வராது, இருக்கும் காற்றையே சுற்றவிடும். அதனால் உங்கள் செடிகளுக்கு இரவெல்லாம் வாயு இலவசமாகவே கிடைத்துக்கொண்டிருக்கிறது. காலையில் எழுந்ததும் உங்களுக்காகத்தான் ஜன்னலைத் திறக்க வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, உங்கள் நான்கு ஆன்சிடியம். இலையை விரலால் வளைத்துப் பாருங்கள். மூங்கில் இலை போல மெல்லியதாக வளையும். மெல்லிய இலை ஆன்சிடியம் பகலில் மூச்சு வாங்கும், கூடுதல் வாயுவைப் பயன்படுத்திக்கொள்ளவும் செய்யும். ஆனால் அதற்கு முன்னால் வெளிச்சம் 15,000 லக்ஸுக்குக் குறையாமல் வேண்டும். வீட்டு டியூப்லைட் அடியில் சில நூறு லக்ஸ்தான் வரும். போனில் லக்ஸ் பார்க்கும் ஆப் தோராயமாகத்தான் காட்டும், இருந்தாலும் இலை மட்டத்தில் வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும். வெளிச்சம் சரி என்றாலும் அறை இறுக மூடியிருக்க வேண்டும். ஜன்னலை ஒரு சாண் திறந்தாலே கொடுத்த வாயு போய்விடும். இறுக மூடி, பளிச்சென்று விளக்குப் போட்டு, ஆள் நடமாட்டமே இல்லாத தனி அறையில், நூற்றுக்கணக்கில் ஆன்சிடியம் மட்டும் வளர்ப்பவருக்குச் சிலிண்டர் கட்டுப்படியாகலாம். நான்கு தொட்டிக்கு ஆகாது.

அப்புறம் அந்த மீட்டர். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் மீட்டர்தான் கரியமில வாயுவை உண்மையில் அளக்கும். மலிவு மீட்டர்கள் காற்றிலுள்ள வேறு ஆவிகளை வைத்து உத்தேசமாக ஒரு எண்ணைக் காட்டும். ஒரு நண்பர் வீட்டில் அப்படி ஒன்று 600 காட்டிக்கொண்டிருந்தது. சானிடைசர் தடவிய என் கையை அருகில் கொண்டு போனேன், சில நொடிகளில் 3,000 தாண்டியது. அறையில் கரியமில வாயு ஒரு துளியும் கூடவில்லை. இப்படி ஒரு மீட்டரை நம்பி குழந்தை இருக்கும் அறையில் வால்வைத் திறக்கச் சொல்கிறார்கள். எந்த முறையில் அளக்கிறது என்று பெட்டியில் தெளிவாகப் போடாமல் இதை விற்க முடிகிறது, கேட்க ஆளில்லை. பசுமைக்குடில் போட்டு ஆர்க்கிட் வளர்ப்பவருக்கு மானியத் திட்டம் இருக்கிறது. வீட்டில் இருபது தொட்டி வைத்திருப்பவர் சந்தேகம் கேட்கப் போனால் கையில் கிடைப்பது விலைப்பட்டியல்தான். செடி விற்பவரே வைத்தியரும் மருந்துக்கடையும் ஆகிவிட்டார். எத்தனை வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டில், மீன்தொட்டி மாத்திரை கரியமில வாயு தரும் என்று யாராவது வந்தாலும் வாங்காதீர்கள்.

பூ ஏன் வரவில்லை என்பதற்கு வருகிறேன். ஃபேலனாப்சிஸ் பூந்தண்டு விட ஐந்தாறு வாரம் 26 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அதிலும் முக்கியம் பகல் வெப்பம். பகலில் 29 டிகிரி அடித்தால் இரவு எவ்வளவு குளிர்ந்தாலும் இலைதான் விடும். வளர்த்து விற்பவர்கள் குளிர்ந்த அறையில் வைத்துத் தண்டு வரவழைத்துத்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் வாங்கியபோது இருந்த பூ அந்த அறையின் பூ. நீங்கள் இரவில் ஏசி போட்டுக் காலையில் அணைக்கிறீர்கள், செடிக்கு வேண்டியது நேர்மாறு.

டிசம்பர் நடுவில் தொடங்குங்கள். வெளியே வெயில் குறைவு, கரன்ட் செலவும் குறைவு. பகலில் 24 டிகிரி வைத்து ஆறு வாரம் ஓட்டுங்கள். ஏசிக் காற்று நேரே இலையில் படக் கூடாது. ஜன்னல் வெளிச்சம் 10,000 லக்ஸ் பக்கம் இருக்கட்டும், உச்சி வெயில் வேண்டாம். எல்லாத் தொட்டிக்கும் ஒரே நேரத்தில் செய்யாமல், நான்கைந்து முதிர்ந்த இலை உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு ஏசி ஓட்ட மனமில்லை என்றால் டென்ட்ரோபியம் கலப்பினங்களைப் பால்கனியில் வையுங்கள், நம் ஊர் வெயிலிலேயே பூக்கும்.

முன்பணத்தை எழுத்தில் கேளுங்கள். வராவிட்டாலும் சிலிண்டரை வீட்டுக்குள் ஏற்ற விடாதீர்கள்.

நான்கைந்து வாரம் ஆனதும் இலையின் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். புதிதாக எட்டிப் பார்க்கும் நுனி உருண்டு மழமழவென்று இருந்தால் அது வேர். சற்றே சப்பையாக, கையுறையில் கட்டைவிரல் பிரிந்து நிற்பது போல ஒரு மடிப்போடு இருந்தால் பூந்தண்டு. தண்டு தெரிந்த பிறகு தொட்டியைத் திருப்பி வைக்காதீர்கள், வெளிச்சத்தைத் தேடி வளைந்து கோணிக்கொள்ளும்.