டீச்சரை ஒற்றை ஆளாக விடாதீர்கள்

கேள்வி: களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாடசாலையில் பிரதி அதிபராக இருக்கிறேன். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு டிஸ்லெக்சியா (அறிவில் குறையில்லாமலே வாசிக்கவும் எழுதவும் சிரமப்படும் நிலை) இருக்கிறதா என்று மதிப்பிடுபவர் எங்கள் விசேட கல்வி ஆசிரியை. அயல் பாடசாலைகளும் அவரிடமே பிள்ளைகளை அனுப்புகின்றன. இப்போது, “என்னைச் சாதாரண வகுப்புக்கே விட்டுவிடுங்கள் சேர்” என்கிறார். அவரை இழக்க மனமில்லை. நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: பிள்ளையை முன்னால் இருத்தி வாசிக்கச் சொல்லும் நேரம் மட்டும்தான் மற்றவர்கள் கண்ணில் படுகிறது. மீதி வேலை எந்த நேரசூசியிலும் இல்லை. கண்ணும் காதும் சரிதானா என்று முதலில் கேட்டறிய வேண்டும். வரவுப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். மாரி வெள்ளத்தில் வாரக்கணக்காகப் பாடசாலைக்கு வராத பிள்ளையும், தாய் வெளிநாட்டில் வேலைக்குப் போன பின் படிப்பில் பின்தங்கிய பிள்ளையும் வாசிக்கத் தடுமாறலாம். அது டிஸ்லெக்சியா அல்ல. இதையெல்லாம் பிரித்தறிந்து, அறிக்கை எழுதி, பெற்றோருக்கு விளக்குவது வரை ஒரே ஆள் செய்கிறார். நடுவில் ஆசிரியர் வராத வகுப்புக்கும் அவரைத்தான் அனுப்புகிறீர்கள் என்றால், அந்தப் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். பிள்ளையைப் பார்க்கத் தொடர்ச்சியாக இரண்டு பாடவேளை, எழுத வேறொரு பாடவேளை, சத்தமில்லாத ஓர் அறை. இவ்வளவையும் நேரசூசியிலேயே போட்டுக் கொடுங்கள்.

அடுத்தது கருவி. ஆங்கிலப் பிள்ளைகளுக்கென்று செய்த சோதனையை மொழிபெயர்த்துப் புள்ளி போட முடியாது. நம் பேச்சில் ளகரமும் ழகரமும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆகவே ‘பழம்’ என்பதை ‘பளம்’ என்று எழுதுவது இங்கே பல பிள்ளைகள் விடும் சாதாரணப் பிழை. சொல்லை ஒலிகளாகப் பிரிக்கத் திணறுவது, பொருளில்லாத சொல்லைக் கூட்டி வாசிக்க முடியாமல் போவது, தெரிந்த எழுத்தையே ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பதுபோல் தயங்குவது, இவைதான் கவனிக்க வேண்டியவை. காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் என்றால் குர்ஆன் ஓதும் பிள்ளை அரபு எழுத்திலும் இதேபோல் திணறுகிறதா என்று விசாரிப்பது நல்ல தடயம். பாடசாலையில் அந்தப் பிள்ளையின் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் எப்படி வாசிக்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் ஒப்பிட முடியும். ஒவ்வொரு வகுப்பிலும் சில பிள்ளைகளின் வாசிப்பைக் கேட்டுக் குறித்துவைக்க மற்ற ஆசிரியர்களும் கை கொடுக்கட்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது அவருடைய தனிமைதான். ஒரு பிள்ளையைப் பற்றிச் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பார்? பிரித்தானியாவில் டிஸ்லெக்சியாவை மதிப்பிடும் ஆசிரியர்களுக்கென்று ஒரு சான்றிதழ் இருக்கிறது. தொடர்ந்து பயிற்சி பெற்றதைக் காட்டி, 3 வருடத்துக்கு ஒரு தடவை அதைப் புதுப்பிக்க வேண்டும். அங்கேயே ஒருமுறை படித்தது போதும் என்று விடுவதில்லை. பட்டிருப்பு, மட்டக்களப்பு, கல்முனை வலயங்களில் இதே வேலை செய்பவர்கள் மாதம் ஒரு தரமாவது கூடிக் கதைக்க, விசேட கல்விக்கான ஆசிரிய ஆலோசகர் மூலம் ஒழுங்கு செய்யுங்கள். பிள்ளையின் பெயரை மறைத்து, ஒருவர் அறிக்கையை மற்றவர் பார்க்கட்டும். அதைக் கடமை நேரமாகக் கணக்கிடுங்கள். சனிக்கிழமைக்குத் தள்ளிவிடாதீர்கள்.

பெற்றோரைச் சந்திக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். “எங்கட புள்ள மொக்கா?” என்று ஒரு தகப்பன் கோபத்தில் எழும்பினால், அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பிரதி அதிபரும் சேர்ந்து சொல்வது பெரிய பலம்.

அப்புறம், எழுதிய அறிக்கை கோப்பில் தூங்குவதைப் போல ஓர் ஆசிரியரைச் சோர வைப்பது வேறில்லை. வகுப்பாசிரியர் அதை வாசித்தாரா? அந்தப் பிள்ளையை எல்லோர் முன்னும் சத்தமாக வாசிக்கச் சொல்வது நின்றதா? வாயால் சொல்லும் பதிலை ஏற்கிறார்களா? தவணைக்கு ஒரு தடவை நீங்களே கேளுங்கள். பொதுப் பரீட்சையில் கூடுதல் நேரம் தேவைப்படும் பிள்ளை என்றால், விண்ணப்ப காலத்துக்கு முன்பே பரீட்சைத் திணைக்களத்திடம் விசாரியுங்கள். அந்த அலைச்சல் அலுவலகத்தின் வேலை, டீச்சருடையதல்ல.

சரி, அயல் பாடசாலைப் பிள்ளைகள்? அவர்களைக் கைவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் மாதத்துக்கு எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்பதை டீச்சரே முடிவு செய்யட்டும். அதற்கு மேல் வந்தால் “இந்த மாதம் முடியாது” என்று எழுதும் கடிதத்தில் அதிபரின் கையெழுத்து இருக்கட்டும்.