காது கேளாத பிள்ளைகளுக்கு ஐரிஷ் வழிப் பள்ளி ஏன் கூடுதல் கடினம்?

கேல்ஸ்கெல் என்பது அயர்லாந்தில் ஆங்கிலம் தவிர மற்ற பாடங்களை ஐரிஷிலேயே நடத்தும் பொதுப் பள்ளி. காது சரியாகக் கேட்காத பிள்ளை அங்கே காது மெஷினோடு ஆசிரியரின் உதட்டையும் பார்த்துத்தான் பாடத்தைப் பிடிக்கும். சிக்கலே அதில்தான். ஐரிஷில் 'பாட்' என்றால் படகு. கடைசி மெய்யை நடுநாக்கை அண்ணத்துப் பக்கம் தூக்கிச் சொன்னால் படகுகள். வித்தியாசம் வாய்க்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கண்ணாடி முன் நின்று வலி, வழி, வளி என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், புரியும். ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் உதடும் போச்சு. எழுதிக் காட்டினால் பாதிச் சிரமம் குறையும். எழுத்தில் அந்தப் பன்மைக்கு ஓர் எழுத்து கூடுதல். அப்புறம், ஐரிஷ் சைகை மொழி ஐரிஷின் கைவடிவம் அல்ல. பிரெஞ்சு சைகை மொழியோடு உறவுள்ள, 2017-இல் சட்ட அங்கீகாரம் பெற்ற தனி மொழி.