பாதி துளையிட்ட மணி

அன்புள்ள ஐயா,

வணக்கம். பெருந்துறை பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு பாடவேளையில் வரலாறும் இலக்கியமும் சேர்த்து நடத்தலாம் என்று நானும் எங்கள் சமூக அறிவியல் சாரும் பேசி வைத்திருக்கிறோம். போர்ஷன் முடிந்தால் சரி என்கிறார் தலைமையாசிரியர். ஆனால் சாருக்கு ஒரு தயக்கம்: புலவர் பாடியதெல்லாம் அப்படியே நடந்தது என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்களாம். என் பயம் வேறு. பாட்டு வெறும் ஆதாரச் சீட்டாகிப் போய்விடுமோ என்று இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

ஒரு தமிழாசிரியை

அன்புள்ள டீச்சர்,

இரண்டு பேர் பயமும் நியாயமானது. அதை ஆசிரியர் அறையில் பேசி முடித்துவிடாமல் வகுப்புக்கே கொண்டுபோங்கள். பிள்ளைகள் முன்னால் நீங்களும் சாரும் வாதாடுங்கள்.

தொடங்க வெகுதூரம் போக வேண்டாம், கொடுமணல் இருக்கிறது. நான் படித்தபோது, சேர அரசர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தின் வரி ஒன்று பாடத்தில் வந்தது. கொடுமணம் என்பதற்கு ‘ஓர் ஊர்’ என்று பொருள் எழுதிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டோம். அதுதான் இந்தக் கொடுமணல், நொய்யல் கரையில், எங்கள் அத்தை ஊருக்குப் போகிற வழியில் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆறாத வருத்தம்.

“கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்.” 74ஆம் பாட்டில் அரிசில் கிழார் சொல்வது. இந்த ஒரு வரி போதும். முதலில் பாட்டாக வாசியுங்கள். வினைமாண் என்றால் வேலைப்பாட்டில் சிறந்தது, அருங்கலம் என்றால் அரிய நகை. சேர அரசன் பெருஞ்சேரல் இரும்பொறையின் வேள்வியைப் பாடும் இடத்தில் இந்த நகை வருகிறது. புலவர் பார்த்தது முடிந்த நகையை, அரசனின் இடத்தில். செய்த கை யாருடையது என்று அவர் சொல்லவில்லை. ‘வினை’ என்ற ஒரு சொல்லில் மட்டும் அந்தக் கை தெரிகிறது.

அந்த இடத்தில் சார் எழுந்து வரட்டும். 1980களிலிருந்து கொடுமணலில் பலமுறை தோண்டியிருக்கிறார்கள். இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. பச்சைக்கல், படிகம், சூதுபவளம் என்று மணிகள் கிடைத்தன. அதிலும் முழு மணி மட்டுமில்லை. உடைத்த கல், தேய்த்துப் பாதியில் விட்டது, துளை போடும்போது பிளந்தது எல்லாம் கிடைத்திருக்கின்றன. அரண்மனைக்குப் போனதைப் பாட்டு சொல்கிறது, பட்டறையிலேயே கிடந்துபோனதை மண் சொல்கிறது. பாதி துளையிட்ட மணியின் படம் ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். ‘வினைமாண்’ என்ற சொல்லின் கனம் அப்போது தெரியும். உங்கள் பாட்டு சான்றாகக் குறைந்துபோகாது டீச்சர், கூடத்தான் செய்யும்.

சாரின் பயத்துக்கு மருந்து கரூர் பக்கம் புகளூர் ஆறுநாட்டார் மலையில் இருக்கிறது. அங்கே தமிழ்ப் பிராமி என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டு ஒன்று, சேரர் மூன்று தலைமுறையைச் சொல்கிறது: கோ ஆதன் செல்லிரும்பொறை, மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. பதிற்றுப்பத்தில் பத்துப் பாட்டுக்கு ஓர் அரசன்; அதன் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்து அரசர்களோடு இவர்களைப் பொருத்திப் பார்க்கிறார்கள். பெயர்கள் நெருங்கி வருகின்றன, ஆனால் அச்சாக ஒன்றில்லை. அந்த இடைவெளியை மூடாமல் அப்படியே காட்டுங்கள். இன்னொன்று: பாட்டில் வேள்வி செய்கிற குடி, கல்வெட்டில் சமணத் துறவி ஒருவர் தங்குவதற்குக் கல்லில் படுக்கை வெட்டிக் கொடுக்கிறது. எது பொய் என்று ஒரு பையன் கேட்பான். இரண்டுமே உண்மையாக இருக்க முடியுமா என்று சார் திருப்பிக் கேட்கலாம். ஒரு பாடவேளை அதற்கே போய்விடும், போகட்டும்.

கொடுமணல் பானை ஓட்டில் ‘கண்ணன் ஆதன்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. கல்வெட்டில் அரசனும் ஆதன். உடனே பிள்ளைகள் ராஜா பானை என்பார்கள். உங்கள் வகுப்பிலேயே எத்தனை கார்த்திக் என்று எண்ணச் சொல்லுங்கள்.

போர்ஷன் பற்றிக் கவலை வேண்டாம். வாரம் ஒரு பாடவேளைதானே.

எழுத்து வேலை ஒன்று கொடுங்கள். மணிக்குத் துளை போட்டவர் அரிசில் கிழாருக்குப் பதில் சொல்வதாக ஒரு பக்கம். எழுதி முடித்ததும் மூன்று நிறப் பேனாவில் அடிக்கோடு போட வேண்டும்: பாட்டிலிருந்து எடுத்தது ஒரு நிறம், மண்ணிலிருந்து எடுத்தது ஒன்று, தானாக நினைத்தது ஒன்று. மூன்றாவது நிறம் அதிகமானாலும் மார்க்கைக் குறைக்காதீர்கள். எது எந்த நிறம் என்று தெரிந்து போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம், நேரில் கூட்டிப்போவதாக இருந்தால் முன்னாடியே சொல்லி வையுங்கள், பெரிதாக ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது என்று. தோண்டிய குழிகளை மூடிவிடுவார்கள். பார்க்கக் காடும் வேலியும்தான் இருக்கும். கீழே ஓடு கிடந்தால் குனிந்து பார்க்கட்டும், எடுக்க விடாதீர்கள். தை கழிந்து வெயில் ஏறுவதற்குள் ஒரு சனிக்கிழமை வைத்துக்கொண்டால் நானும் வருகிறேன். அந்த மூன்று நிறத் தாள்களையும் அன்றைக்கே எடுத்து வாருங்கள், அங்கேயே உட்கார்ந்து வாசிக்கலாம்.

அன்புடன்.