ஆப்பிரிக்கா போகும் மருத்துவக் கப்பலில் டாக்டர், நர்ஸ் எல்லாம் வெளிநாட்டார். உள்ளூர்க்காரர்கள் வெறும் எடுபிடிகள்தானா?

எடுபிடி என்ற சொல் உறுத்தியதால்தான் எழுத உட்கார்ந்தேன். நர்ஸிங் முடித்துவிட்டு அப்படி ஒரு கப்பலுக்குப் போகும் யோசனையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

2015-இல் மடகாஸ்கரின் துவாமசினா துறைமுகத்தில் நின்ற ஆப்பிரிக்கா மெர்சி கப்பலில் ஆறு வாரம் வார்டு நர்ஸாக இருந்தேன். (ஆறு வாரத்துக்கு இவ்வளவு பேச்சா என்பவர்கள் அடுத்த பதிலுக்குப் போகலாம்.) டென்மார்க்கில் ரயில் பெட்டிகளை ஏற்றிப்போன பழைய கப்பல் அது; உள்ளே ஐந்து ஆபரேஷன் தியேட்டர். மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியதால் 2014-இல் மடகாஸ்கர் பக்கம் திரும்பியிருந்தது.

எங்களைப் போன்ற தன்னார்வலர்கள் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் சொந்தக் காசைக் கட்டினோம். உள்ளூர்க்காரர்களுக்குச் சம்பளம், ‘டே க்ரூ’ என்போம். மொழிபெயர்ப்பு, சமையல், டெக் வேலை, துப்புரவு எல்லாவற்றிலும் இருந்தார்கள். காசு கட்டியவர் தியாகி, சம்பளம் வாங்கியவர் எடுபிடி என்று கணக்குப் போட்டால் என்னிடம் பதில் இல்லை.

முதுகில் இருந்த பெரிய கட்டியை எடுத்த ஒரு பெண், தெற்கிலிருந்து வந்தவர், இரண்டாம் நாளும் சாப்பாட்டைத் தொடவில்லை. மயக்க மருந்தின் குமட்டல் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வாக்கியத்தில் “மராரி வே?”, வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். மொழிபெயர்ப்பாளர் துறைமுக ஊர்ப் பையன், படித்தவன். “பசியில்லையாம்” என்றான். மடகாஸ்கர் முழுக்க மலகாசி என்ற ஒரே மொழிதான் என்றாலும் தெற்கத்திப் பேச்சு அவனுக்கே பாதிதான் பிடிபட்டது.

தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலருகே வந்தார். எந்த ஊர், யார் வீட்டுப் பெண், எத்தனை பிள்ளைகள் என்று பத்து நிமிடம் பேச்சு. சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எனக்கோ எரிச்சல். கடைசியில் வந்தது விஷயம். முந்தின நாள் தட்டில் பன்றிக்கறி இருந்திருக்கிறது. அவர் குடும்பத்துக்கு அது ‘ஃபாடி’, விலக்கு. அதே சமையலறைச் சோற்றையும் தொட மனமில்லை. அடுப்படியில் இருந்த டே க்ரூ ஒருவர் தனிப் பாத்திரத்தில் சோறு வடித்து, அடிப்பிடித்த சோற்றில் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்த ரனோவோலா என்ற பானத்தோடு கொண்டுவந்தார். அந்தப் பெண் சாப்பிட்டார். சார்ட்டில் நான் எழுதியிருந்த ‘குமட்டல்’ என்பதை அடித்தேன்.

மொழிபெயர்ப்புக்குச் சம்பளம் உண்டு என்பதே எனக்கு அதிசயம். முன்பு கோவையில் வேலை பார்த்த ஒரு தனியார் மருத்துவமனையில், பெயர் வேண்டாம், எனக்கு மலையாளம் தெரியும் என்பதால் டியூட்டி முடிந்த பிறகும் கேரள நோயாளிகளிடம் பேசக் கூப்பிடுவார்கள். ஒரு ரூபாய் தந்ததில்லை. விலகுகிறேன் என்றதும் அசல் சான்றிதழ்களைத் தராமல் ஏழு மாதம் அலையவிட்டார்கள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

கப்பலை ஒரேயடியாகப் புகழ்வதாக நினைக்க வேண்டாம். கப்பல் கிளம்பினால் அந்தச் சம்பளமும் கூடவே போய்விடும். நான் புறப்பட்ட நாளில் அந்த அம்மா, அடுத்த வேலைக்குக் காட்ட ஒரு கடிதம் கேட்டார். துப்புரவு என்று எழுதி, பக்கத்தில் மொழிபெயர்ப்பு என்றும் சேர்த்தேன். அப்படி எழுத எனக்கு அதிகாரம் கிடையாதுதான்.