பழைய ஹைபிரிட் கார் எடுக்கிறதோ, புதுசுக்குப் பொறுக்கிறதோ?

2013 டொயோட்டா அக்வா ஒண்டு பாத்து வச்சிருக்கிறன். மீற்றர் 78 ஆயிரம். பற்றரி போன வருசம் புதுசு போட்டதாம். எடுக்கலாமோ? (மானிப்பாய்)

எது புதுசு எண்டு முதல் கேளுங்கோ, பில்லைக் காட்டச் சொல்லுங்கோ. ஹைபிரிட் எண்டா பெற்றோல் எஞ்சினும் கரண்ட் மோட்டாரும் சேந்து ஓடுற கார், அந்த மோட்டாருக்கு எண்டு பெரிய பற்றரி ஒண்டு இருக்கு. அக்வா பற்றரிக்குள்ள 20 மொடியூல் (சின்னச் சின்னப் பற்றரி) வரிசையாக் கிடக்கு, ஒவ்வொண்டும் 7.2 வோல்ற், எல்லாம் சேத்து 144. அதில ஒண்டு செத்தாலே டாஷ்போர்ட்டில லைற் எரியும், உடன கராச்சுக்காரர் செத்ததை மட்டும் கழட்டி வேற பழைய பற்றரியில இருந்து ஒண்டைப் பூட்டி, ஸ்கானரால (காரின்ர கொம்பியூட்டரை வாசிக்கிற கருவி) லைற்றையும் அழிச்சு விட, அடுத்த நாள் விளம்பரத்தில "நியூ பற்றரி" எண்டு வரும். மிச்சம் 19உம் அதே கிழடுதானே, ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் போகும்.

இதில எனக்கு ஏன் இவ்வளவு கோவம் எண்டா நானே ஏமாந்தனான். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினதோட பழைய கார் எல்லாம் வாங்கின விலையை விடக் கூட வித்துதே, அந்த நேரம் இனிக் காரே வராதாக்கும் எண்ட பயத்தில, மழைக்குள்ள பத்து நிமிசம் ஓடிப் பாத்திட்டு ஒரு ஹைபிரிட்டுக்குக் காசை எண்ணிக் குடுத்தன். ஆறாம் மாசம் ஆனையிறவு தாண்டேக்க லைற் எரிஞ்சுது. திறந்து பாத்தா மூண்டு மொடியூல் மட்டும் பளபளப்பு, மற்றதுகளை இணைக்கிற செப்புத் தகடெல்லாம் பச்சை பிடிச்சுக் கிடக்கு. மனுசி இண்டைக்கும் என்னைப் "புதுப் பற்றரி" எண்டுதான் கூப்பிடுறா.

காலமை எஞ்சின் சூடாக முதல் போய் ஸ்ராட் பண்ணிப் பாருங்கோ. பிறகு ஸ்கானர் பூட்டி, ஏசியை முழுசாப் போட்டு, மிதிச்சு ஓடேக்க ஒவ்வொரு பகுதியின்ர வோல்ற்றும் ஒரேயளவில நிக்குதோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ (எங்கட ஊரில ஏத்தமே இல்லை, ஏசிதான் ஏத்தம்). மீற்றரையும் நம்பாதேங்கோ. சேசி நம்பரைக் குடுத்து ஜப்பான் ஏல ஷீற்றை (அங்க ஏலத்தில வித்த நேரம் காரின்ர நிலைமையும் மீற்றரும் எழுதின தாள்) எடுத்துப் பாருங்கோ, வந்து இறங்கேக்கயே 60 ஆயிரம் எண்டு இருந்தா, பத்து வருசத்துக்கு மேல கோயிலுக்கு மட்டுமோ ஓடினது?

இறக்குமதி திரும்பத் திறந்ததில இருந்து விலை விழும், புது மொடல் எடுப்பம் எண்டு பொறுத்திருக்கிறன். சரிதானே? (வெள்ளவத்தை)

இப்ப ஓடுற கார் ஒழுங்கா ஓடினா பொறுங்கோ. கார் இல்லாமல் ஓட்டோவுக்குக் குடுத்துக்கொண்டு பொறுக்கிறியள் எண்டா, அந்தக் கணக்கை ஒரு கொப்பியில எழுதிப் பாருங்கோ. 2021இல ஜப்பானில வந்த அக்வா நல்ல சாமான்தான், மூண்டு சிலிண்டர் எஞ்சின், பற்றரியும் வேற மாதிரி. ஆனா 2025 பெப்ரவரியில கதவைத் திறந்தவை வரியைக் குறைக்க இல்லையே. இஞ்ச விலையைத் தீர்மானிக்கிறது மொடல் இல்லை, வரியும் டொலரும்தான், அது ரெண்டும் உங்களுக்காகக் காத்திருக்காது.

வாகன் ஆர் ஹைபிரிட்டைத் தனிக் கரண்டிலயே ஓடலாமோ? (ஹற்றன்)

ஏலாது. அது எஞ்சினுக்குக் கை குடுக்கிற சின்ன மோட்டார், அவ்வளவுதான்.

கார்சேலில 2014 ஹொண்டா பிற் ஜிபி5 ஹைபிரிட் எடுத்து மூண்டு கிழமை. மெதுவாப் போகேக்க குலுக்குது, வித்தவர் ஹைபிரிட் எண்டா அப்பிடித்தானாம். (வவுனியா)

அப்பிடி இல்லை தங்கச்சி, உங்களை ஏமாத்தப் பாக்கிறார். அதில இருக்கிறது ஏழு கியர் இரட்டைக் கிளச், அந்த மொடலை ஜப்பானிலயே வெளியால விட்டு ஒரு வருசம் சுமாருக்குள்ள அஞ்சு தரம் பழுது திருத்தவெண்டு ஹொண்டாக்காரரே திருப்பிக் கூப்பிட்டவங்கள். தெரிஞ்ச மெக்கானிக்கிட்டக் காட்டி அவர் சொல்லுறதை எழுத்தில வாங்கி, பில்லோட சேத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு நாள் கடத்தாமல் முறைப்பாடு குடுங்கோ, 1977க்கு அடிச்சும் கேக்கலாம். கார்சேல்காரரோட போனில கத்த வேண்டாம், எல்லாம் எழுத்தில. நீங்கள் பிழை விடேல்ல.

வருசத்தில மூண்டு கிழமை ஊருக்கு வருவம், வீட்டில ஒரு ஹைபிரிட் வாங்கி விடுவமோ? (ஸ்கார்பரோ)

வேண்டாம். சும்மா நிண்டா பற்றரி தன்ர பாட்டில இறங்கும், எலி வயரைக் கடிக்கும். வாடகைக்கு எடுங்கோ.

போட்டோ பாத்து 2 லட்சம் அட்வான்ஸ் போட்டிட்டன். இப்ப கார்ப் பதிவுப் புத்தகத்தில லீசிங் கொம்பனியின்ர பேர் கிடக்கு. (மட்டக்களப்பு)

போட முதல் கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். அந்தப் பேர் கிடக்கிற வரைக்கும் கார் வித்தவருக்கே முழுசாச் சொந்தமில்லை, இதை எத்தினை தரம் எழுதுறது? இனி ஒரு சதமும் அவர் கையில குடுக்காதேங்கோ. ரெண்டு பேருமா லீசிங் கந்தோருக்குப் போய் மிச்சக் கடன் எவ்வளவு எண்டு கடிதம் எடுத்து, காசை அங்கேயே கட்டுங்கோ. வரமாட்டன் எண்டு சொன்னாரெண்டா அடுத்த பஸ் பொலிசுக்கு.

பின் சீற்றுக்குப் பக்கத்தில காத்து இழுக்கிற வலை அசிங்கமா இருந்துது, கவர் போட்டு மூடிட்டன். இப்ப பற்றரி சூடாகுது, ஏன்? (கொக்குவில்)

கவரைக் கழட்டிப்போட்டு எழுதுங்கோ.