ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுக்கலாமா?

கொடைரோடு டோல்கேட் தாண்டி ஆட்டோமேட்டிக் கார் நின்றுவிட்டது, நண்பரின் பொலேரோவில் கயிறு கட்டி மதுரை ஒர்க்‌ஷாப் வரை இழுத்துப் போகலாமா என்று ஒரு வாசகர் கேட்கிறார். வேண்டாம். நியூட்ரலில் போட்டாலும் வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் ஆயிலைச் சுற்றவிடும் பம்ப், இன்ஜின் ஓடினால்தான் ஓடும். இன்ஜின் நின்றிருக்கச் சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே இருக்கும் பாகங்கள் ஆயில் இல்லாமலே தேயும். அப்படி இழுத்து வந்த ஒரு வண்டியின் ஆயிலை இறக்கிப் பார்த்தேன், கறுத்துப் போய் தீய்ந்த வாடை அடித்தது. ஸ்டார்ட் ஆகாமல் நின்றதற்குக் காரணம் என்னவோ வெறும் ஃபியூயல் பம்ப்தான்! மனசே ஆறவில்லை.

அதனால் எந்தச் சக்கரத்துக்கு இன்ஜின் சக்தி போகிறதோ, அது தரையில் உருளக் கூடாது. உங்களுடையது முன்சக்கரத்தில் ஓடும் கார், முன்பக்கத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் உருட்டலாம், ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கி இழுத்தால் கயிறு கட்டி இழுத்த கதைதான். நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் வண்டி, எலெக்ட்ரிக், ஹைபிரிட் என்றால் யோசிக்கவே வேண்டாம், முழு வண்டியையும் மேலே ஏற்றும் ஃபிளாட்பெட்தான். எலெக்ட்ரிக்கில் சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் உண்டாக்கும். உங்களுக்கும் ஃபிளாட்பெட் கிடைத்தால் அதையே சொல்வேன். நெடுஞ்சாலையில் 1033 என்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள், இன்சூரன்ஸில் ரோடுசைட் அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால் அதையும்.

இழுவை வண்டி வந்ததும் கொக்கியை எங்கே மாட்டுகிறார்கள் என்று குனிந்து பாருங்கள். அவசரத்தில் செயினைச் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மிலோ பம்பருக்கு அடியிலோ மாட்டிவிடுவார்கள், அப்புறம் அலைன்மென்ட் போச்சு, பம்பர் கிளிப் உடைந்தது என்று நீங்கள்தான் அலைய வேண்டும். பெரும்பாலான கார்களில் ஜாக்கி வைத்திருக்கும் இடத்திலேயே டோ ஹூக் ஒன்று இருக்கும், கனமான வளையத்தோடு. பம்பரில் உள்ள சின்ன மூடியைத் துணி சுற்றிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து, ஹூக்கைக் கையாலேயே கடைசி வரை திருகி, வளையத்துக்குள் வீல் ஸ்பேனரை நுழைத்து இறுக்குங்கள். பாதி மரையில் நின்றால் இழுக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். சில கார்களில் மரை இடப்பக்கம் திருகுவதாக இருக்கும், ஏறவில்லையே என்று மல்லுக்கட்டாதீர்கள்.

மேனுவல் கியர் கார் என்றால், பக்கத்தில் இருக்கும் மெக்கானிக் கடை வரை நியூட்ரலில் கயிற்றில் இழுக்கலாம், 25 கி.மீ. வேகத்துக்குள். செயின் வேண்டாம், நைலான் பட்டை போதும், அது கொஞ்சம் நீண்டு குலுக்கலைத் தாங்கும். பின்வண்டியில் இருப்பவர் சாவியை ஆன் நிலையில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் ஓடாததால் இரண்டு மூன்று மிதிக்கு அப்புறம் பிரேக் கல்லாகிவிடும், முழு பலத்தோடு மிதிக்க வேண்டியிருக்கும், ஸ்டீயரிங்கும் கனக்கும். கயிறு தொய்யாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கிளம்பும்போது கயிற்றுப் பக்கத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

ஃபிளாட்பெட்டில் ஏற்றிய பிறகு பட்டையைச் சக்கரத்தின் மேல் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். ஏற்றுவதற்கு முன்பே நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.